சந்தாவும் கையொப்பமும்: மலையகத் தோட்டப் பெண்தொழிலாளரும் சம்பளப் பேச்சுவார்த்தையும்

1. பிரச்சினை

மலையகத் தொழிற்சங்க இயக்கம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவோ, சங்கங்களின் பிளவு இணைவுகளின் வரலாறாகவோ அமைந்திருத்தலைக் காணலாம். மாதந்தோறும் சந்தா செலுத்திய அங்கத்தவர் தமது சங்கத்தை எவ்வாறு நோக்கினர், எப்போது அதனை நம்பினர், எப்போது அதன்மீது சினங்கொண்டனர் என்னும் வினாக்கள் உரிய கவனத்தைப் பெறவில்லை. அவ்வங்கத்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதை நினைவிற் கொள்வோமாயின், இக்குறைபாட்டின் பரிமாணம் மேலும் தெளிவாகும்.

2019 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி, பிரதேசத் தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாளொன்றுக்கு 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் வேண்டுமென நடைபெற்ற நெடுங்காலக் கிளர்ச்சியின் முடிவிற் கிடைத்தவை, 700 ரூபா அடிப்படைச் சம்பளமும் 50 ரூபா விலைப்பங்குக் கொடுப்பனவுமாகும். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் அப்போது எழுந்த எதிர்ப்பு கம்பனிகளை மாத்திரம் நோக்கியதன்று. தம் பெயராற் கையொப்பமிட்ட சங்கத் தலைமைகளையும் அது நோக்கியது.

இவ்வெதிர்ப்புக்கு வழமையாக இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. தலைவர்கள் விலைபோயினர் என்பது ஒன்று. தொழிலாளர் ஒப்பந்தத்தின் நுட்பங்களை அறியாது எதிர்க்கட்சியினரின் தூண்டுதலுக்கு ஆளாயினர் என்பது மற்றொன்று. முதலாவது விளக்கம் ஒரு சமூக உறவைத் தனிமனிதரின் ஒழுக்கமாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது, கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நாள்தோறும் கணக்குப் பார்த்து நிற்கும் பெண்ணைக் கணக்கறியாதவள் என்கிறது. இரண்டுமே வரலாற்று விளக்கங்கள் ஆகா.

மலையகத்தில் தொழிலாளிக்காகப் பேசுபவர் யார், அவ்வாறு பேசுவதற்கான வலு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்னும் மூன்று வினாக்களைக் கங்காணியின் காலந்தொட்டுத் தொடர்ந்து கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சந்தா ஒரு வழியாகவும் கையொப்பம் வேறொரு வழியாகவும் செல்லும் அமைப்பொன்று உருவானமையே பெண்தொழிலாளரின் கசப்புக்கு அடிப்படை என்பது எமது கருத்து.

2. தலைக்காசிலிருந்து அங்கத்துவத்துக்கு

கோப்பித் தோட்டங்களின் காலத்திலும், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கையின் காலத்திலும், தொழிலாளர் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் மூலமாகவே கொண்டுவரப்பட்டனர். கங்காணி முற்பணம் கொடுத்தான், அது கடனாயிற்று. கடனின் தொகை எழுதப்பட்ட துண்டு தொழிலாளரைக் கட்டிவைத்தது. துரையிடம் அவர்கள் சார்பிற் பேசியவனும் கங்காணியே. அவன்கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தோட்ட நிர்வாகம் அவனுக்குத் தலைக்காசு வழங்கியது. தொழிலாளிக்காகப் பேசுபவன் தொழிலாளியின் தலையை எண்ணித் தோட்டக் காரியாலயத்திற் பணம் பெறுபவனாகவும் இருந்தான் என்ற இவ்வுறவு ஆழ்ந்து நோக்கற்பாலது. 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாயினும், இடைநின்று பேசுவோனின் அதிகாரம் உடனே மறைந்துவிடவில்லை.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்தியத் தொழிலாளரின் கூலிக்கு முதன்முறையாகச் சட்ட அளவொன்றை வகுத்தது. 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு பெறுமதியுடையது என்ற கருத்து இவ்வாறு சட்டமாயிற்று. ஏற்றுமதியாகும் தேயிலையின் தரத்தை நிர்ணயிக்கும் கொழுந்து பறித்தலைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர் என்பது அவ்விகிதத்தைச் சிறிதும் பாதிக்கவில்லை.

இந்நிலையிலேதான் கோ. நடேசய்யர் 1931 இல் அட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளரைக் கங்காணியின் ஆட்களாக அன்றி ஒரு சங்கத்தின் அங்கத்தவர்களாக அணிதிரட்ட மேற்கொள்ளப்பட்ட முதல் பெருமுயற்சி அதுவாகும். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார் என்பது, மலையகத் தொழிற்சங்கத்தின் குரல் தொடக்கத்தில் ஆண்குரல் மாத்திரமாக இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

1939 இல் ஜவகர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் 1940 இல் அமைந்தது. 1950 இல் அவ்வமைப்பு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் பெயரைப் பெற்றது. சமகாலத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினர் தோட்டங்களில் வேறொரு சங்கத்தை வளர்த்தனர். அச்சங்கத்தின் தலைமையில், நாட்கூலியில் 16 சத உயர்வு கேட்டு ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10 ஆம் திகதி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அதனை ஆராய்ந்த ஆணைக்குழுவின்முன் தொழிலாளர் தரப்பில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா.

16 சதத்துக்காக ஓருயிர் போன அக்காலத்திற் சங்கத்தைத் தோட்டத்துக்குள் நுழையவிடவே துரைமார் மறுத்தனர். சந்தா லயங்களிற் கைக்குக் கை சேர்க்கப்பட்டது. சங்கத்துக்குப் பணம் கொடுத்தவரும், சங்கத்துக்காக அடிபட்டவரும், சங்கத்தைக் கேள்வி கேட்டவரும் ஒருவராகவே இருந்தனர். பிற்காலத்தில் இழக்கப்பட்டது இவ்வொருமையே.

3. வாக்கிழந்த மக்களின் சங்கம்

1941 ஆம் ஆண்டின் சம்பள நிர்ணய சபைகள் சட்டம் கூலியை வேலைகொள்வோர், தொழிலாளர், அரசு என்னும் முத்தரப்பினரும் அமர்ந்து தீர்மானிக்கும் விடயமாக்கியது. இது முன்னேற்றமே. ஆயின், கூலி பற்றிய பேச்சு தோட்டத்தைவிட்டுக் கொழும்புக்குச் சென்றதும் இதனாலேயே என்பதையும் மறத்தலாகாது.

இதனினும் பெரிய மாற்றத்தை விளைத்தது 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமாகும். 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், 1952 தேர்தலில் தன் மக்களின் வாக்கின்றி நின்றது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுவதாயிற்று. பங்கிடப்பட்டோரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

வாக்கிழந்த மக்களுக்குச் சங்கமே பாராளுமன்றமாயிற்று. பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும், பிரசாவுரிமை விண்ணப்பம் நிரப்புவதற்கும், பொலிசில் முறையிடுவதற்கும், லயத்தின் கூரைத்தகரம் மாற்றுவதற்கும் தொழிலாளி சங்கக் காரியாலயத்துக்கே சென்றார். வேறெந்த நாட்டிலும் உள்ளூராட்சி மன்றமும் கிராம அலுவலரும் வழக்கறிஞரும் செய்யும் வேலைகளைத் தோட்டத் தலைவரும் மாவட்டப் பிரதிநிதியும் செய்தனர். இதனால் சங்கம் தொழிலாளரின் வாழ்வில் ஆழ வேரூன்றியது. அதேவேளை, சம்பளப் பேச்சில் அது தவறியபோதும் அதனைவிட்டு விலகுதல் தொழிலாளிக்குக் கடினமாயிற்று. சங்கத்தை மாற்றுபவர் பேரம்பேசும் அமைப்பொன்றை மாத்திரம் மாற்றவில்லை. தம்மை அரசுடன் இணைக்கும் ஒரே பாலத்தையும் மாற்றவேண்டியிருந்தது. 1956 இல் அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தபோதும், 1965 இல் வெள்ளையன் தேசிய தொழிலாளர் சங்கத்தை நிறுவியபோதும், பலர் துணிந்து சங்கம் மாறினர். ஆயின் தலைவர் மாறினரேயன்றி அமைப்பு முறை பெரிதும் மாறவில்லை.

சந்தா சேர்க்கும் முறையும் மாறியது. தொழிலாளியின் சம்மதக் கடிதத்தின்பேரில் தோட்டக் காரியாலயமே சம்பளத்திற் சந்தாவைக் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வழக்காயிற்று. சங்கங்கள் நிலைபெற இம்முறை உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. வறிய தொழிலாளரிடம் மாதந்தோறும் கையேந்தி ஒரு பேரியக்கத்தை நடத்துதல் எளிதன்று. ஆயினும் அதன் விளைவு இருமுகங்கொண்டது. சந்தா கேட்டு லயத்துக்கு வரும் பிரதிநிதியிடம், போன மாதம் சொன்ன விடயம் என்னாயிற்று என்று கேட்பதற்கு முன்பு மாதம் ஒருமுறையாவது வாய்ப்பிருந்தது. பணம் தானாகச் செல்லத் தொடங்கியதும் அவ்வாய்ப்பு மறைந்தது. சங்கத்தின் வருமானம் அங்கத்தவரின் கையிலிருந்தன்றி முதலாளியின் காரியாலயத்திலிருந்து வரலாயிற்று. கழிவுப் பட்டியலின் நீளமே சங்கத்தின் பலத்துக்கு அளவுகோலாயிற்று. தலைக்காசையும் சந்தாவையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. முன்னையது தொழிலாளியை அடக்குவதற்கு முதலாளி கொடுத்த பணம். பின்னையது தன்னைப் பாதுகாக்கத் தொழிலாளி கொடுக்கும் பணம். எனினும் இரண்டும் சென்ற பாதை ஒன்றாக அமைந்தமை வரலாற்றின் முரண்நகை எனலாம்.

4. பெண்ணின் நாளும் பெண்ணின் கூலியும்

இவ்வமைப்பிற் பெண்ணின் இடம் யாது? விடியுமுன் எழுந்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்குச் சென்று, மாலைவரை மலையில் நின்று கொழுந்து பறிப்பது அவள் நாள். கவ்வாத்து, கான்வெட்டு முதலிய வேலைகள் அளவு குறித்துக் கொடுக்கப்படுவதால் ஆண்கள் பலர் நண்பகலைக் கடந்ததும் வீடு திரும்புவர். பெண்ணோ இறுதி நிறுவை முடியும்வரை மலையை விட்டிறங்க இயலாது. குறித்த இறாத்தல் அல்லது கிலோ நிறையாவிடில் அரைப்பேரே விழும். இவ்வாறு உழைத்துப் பெற்ற கூலியையும் கணவனோ தந்தையோ காரியாலயத்திற் கையேற்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சங்க அங்கத்துவமும் பெரும்பாலும் குடும்பத்தைத் தொடர்ந்தே சென்றது. கணவன் எச்சங்கமோ மனைவியும் அச்சங்கம். தோட்டக் கமிட்டியின் தலைவரும் செயலாளரும் ஆண்களாயிருக்க, பெண்களுக்கென மாதர் சங்கம் தனியாக அமைந்தது. கூட்டத்தின் முன்வரிசையும் ஊர்வலத்தின் முன்னணியும் மாதர் சங்கத்துக்கு உரியனவாயின; பேச்சுவார்த்தை மேசையின் நாற்காலி அதற்கு உரித்தாகவில்லை.

ஆயினும் சங்கம் பெண்ணுக்கு எதுவும் பெற்றுத்தரவில்லை எனக் கூறுதல் உண்மைக்கு மாறானது. 1978 முதல் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் இடம்பெற்ற சௌ. தொண்டமான், அமைச்சராக இருந்துகொண்டே 1984 ஏப்பிரலில் ஏனைய சங்கங்களுடன் சேர்ந்து தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1983 ஜூலை வன்செயலின் காயம் ஆறாதிருந்த காலம் அது. தேயிலை விலை உயர்ந்திருந்த காலமுமாகும். அவ்வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. 1929 இல் 54க்கு 43 எனச் சட்டமாகிய ஏற்றத்தாழ்வு 55 ஆண்டுகளின் பின் நீங்கிற்று. மலையகப் பெண் தன் சங்கத்தின்பால் வைத்த நம்பிக்கை வெறும் பழக்கத்தால் வந்ததன்று. இத்தகைய வெற்றிகளால் வந்தது. பிற்காலத்து ஏமாற்றத்தின் ஆழத்தை அளக்க இந்நம்பிக்கையின் உயரத்தையும் அறிதல் வேண்டும்.

5. கூட்டு ஒப்பந்தக் காலம்

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம், 1992 இல் இருபதுக்கு மேற்பட்ட பிரதேசத் தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலிருந்து சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்படலாயிற்று. ஒருபுறம் கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனம். மறுபுறம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், லங்கா ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சம்பளம் திருத்தப்படும். இடைக்காலத்தில் ஒப்பந்தத்திற் கண்ட விடயங்கள் குறித்துத் தொழிற்சங்க நடவடிக்கையில் இறங்குவதில்லை எனச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன.

இக்காலத்தின் போராட்டங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 2006 டிசம்பரில் 300 ரூபா கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. அடிப்படைச் சம்பளம் 170 ரூபாவாகவும், கொடுப்பனவுகளுடன் மொத்தம் 260 ரூபாவாகவும் முடிந்தது. 2009 இல் 500 ரூபா கேட்டு மெதுவாக வேலைசெய்யும் போராட்டம் நடந்தது. அடிப்படை 285, மொத்தம் 405 ரூபா. 2011 இல் அடிப்படை 380, மொத்தம் 515. 2013 இல் அடிப்படை 450, மொத்தம் 620. மேடையிற் சொல்லப்பட்ட தொகை ஒன்று. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட மொத்தம் வேறொன்று. சம்பளச் சீட்டில் வந்தது மூன்றாவதொன்று.

மூன்றாவது தொகை ஏன் வேறுபட்டது என்பதை விளக்குதல் அவசியம். மொத்தத்தில் அடங்கிய வரவுக் கொடுப்பனவு, வழங்கப்பட்ட வேலைநாட்களில் நூற்றுக்கு 75 நாட்களாவது வேலைக்கு வந்தோருக்கே உரியது. குழந்தையின் காய்ச்சலுக்காகவோ, மருத்துவமனைக்குச் செல்வதற்காகவோ சில நாட்கள் தவறிய பெண் அம்மாதம் முழுவதற்குமான கொடுப்பனவை இழந்தாள். ஊழியர் சேமலாப நிதிக் கணிப்பிலும் அக்கொடுப்பனவு சேரவில்லை. ஆகவே மொத்தத் தொகையென அறிவிக்கப்பட்டது பிள்ளையும் நோயுமற்ற ஓர் உழைப்பாளியின் சம்பளமாகும். அத்தகைய உழைப்பாளி மலையில் அரிது.

6. இருபது ரூபாவின் கணக்கு

2013 இன் ஒப்பந்தம் 2015 மார்ச்சுடன் முடிவுற்றது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் 1000 ரூபாக் கோரிக்கையை முன்வைத்தார். அவ்வாண்டு ஜூலையில் மெதுவாக வேலைசெய்யும் போராட்டம் தொடங்கிற்று. ஓகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணியிற் சேர்ந்த சங்கத்தினர் அரசின் பங்காளிகளாயினர். ஒப்பந்தத்திற் கையொப்பமிடும் உரிமையுடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எதிரணியிலும், அவ்வுரிமையற்றோர் அமைச்சரவையிலும் இருந்த இந்நிலையில், ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைக் காட்டித் தன் பொறுப்பை நீக்கிக்கொள்ள இயன்றது. 2016 செப்டெம்பர் இறுதியிலிருந்து தொழிலாளரே வீதிக்கு இறங்கினர். ஒக்டோபர் 18 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: அடிப்படை 500, வரவுக்கு 60, விலைப்பங்குக்கு 30, உற்பத்தி ஊக்குவிப்புக்கு 140, மொத்தம் 730 ரூபா. கடந்துபோன 18 மாதங்களுக்கான நிலுவை வழங்கப்படவில்லை. தாமதத்தின் விலையைத் தாமதித்தோர் செலுத்தவில்லை, காத்திருந்தோரே செலுத்தினர்.

2018 இல் மீண்டும் அதே கோரிக்கை எழுந்தது. ஒக்டோபர் 24 ஆம் திகதி கொழும்புக் காலிமுகத்திடலில் கறுப்புடை அணிந்த பல்லாயிரம் மலையக இளைஞர் திரண்டனர். அவர்களை அழைத்தது எந்தச் சங்கமுமன்று. தோட்டத்தைவிட்டு நகரத்தில் வேலைசெய்யும் மக்கள், மலையில் நிற்கும் தம் தாய்மாரின் சம்பளத்துக்காகக் கூடினர். டிசம்பர் 4 இல் சங்கம் அறிவித்த காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஒரு வாரத்தின் பின், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் வாக்குறுதியைக் காட்டி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதனை நிறுத்தக் கோரியபோது, சில தோட்டங்களில் தொழிலாளர் உடனே வேலைக்குத் திரும்ப மறுத்தனர். சங்கத்தின் அழைப்பை ஏற்று வேலையை நிறுத்தியோர் சங்கத்தின் அழைப்பை ஏற்று வேலையைத் தொடங்க மறுத்தமை, உறவின் முறிவைத் தெளிவாகக் காட்டியது.

இனி 2019 இன் ஒப்பந்தத்துக்கு வருவோம். அடிப்படை 500 இலிருந்து 700 ஆயிற்று. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தி ஊக்குவிப்பும் நீக்கப்பட்டன. விலைப்பங்கு 50. மொத்தம் 750. அடிப்படைச் சம்பளம் நூற்றுக்கு 40 வீதம் உயர்ந்தது எனத் தலைமை கூறியது. 730 இலிருந்து 750 ஆக, 20 ரூபாவே கூடியது எனத் தொழிலாளர் கூறினர். இரு கணக்குகளும் சரியே.

யாருக்கு எது சரி என்று பார்ப்பின் விடயம் மேலும் சுவையாகும். ஒழுங்காக வரவு காட்டி, குறித்த கிலோவையும் பறித்த தொழிலாளிக்கு உயர்வு 20 ரூபாவே. வரவு குறைந்த காரணத்தால் 60 ரூபாவை இழந்துவந்தவருக்கு உயர்வு 80 ரூபா. இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்ற இயலாதவருக்கு, நாட்பெயர் முழுமையாக விழுந்தால், அது 220 ரூபா. அடிப்படை உயர்ந்ததனாற் சேமலாப நிதியும் எல்லோருக்கும் கூடியது. பிள்ளைக்காகவும் நோய்க்காகவும் வரவு குறையும் பெண்ணுக்குப் புதிய அமைப்பு ஒருவகையில் நன்மையாகவும் இருந்திருக்கலாம். கடினமாக உழைத்தவருக்குக் குறைந்த உயர்வும், இயலாதவருக்குக் கூடிய உயர்வும் கிடைக்கும் இத்தகைய மாற்றத்தை நியாயப்படுத்தவும் இயலும், எதிர்க்கவும் இயலும். ஆயின் இது பெரட்டுக்களத்திலோ லயத்து வாசலிலோ முன்கூட்டி விளக்கப்பட்டு விவாதிக்கப்பட்டிருக்க வேண்டிய விடயம். எந்தக் கொடுப்பனவை விட்டுக்கொடுத்து எதனைப் பெறலாம் என்று அங்கத்தவரிடம் வாக்கெடுக்கும் நடைமுறை இருந்திருப்பின், அதே 750 ரூபா தோல்வியாகவோ வெற்றியாகவோ அவர்களுடைய சொந்த முடிவாக இருந்திருக்கும். அவ்வாறின்றி, கையொப்பமிட்டபின் அறிவிக்கப்பட்ட தொகையாக அது வந்து சேர்ந்தது. எமது நோக்கிற் கசப்பின் உட்பொருள் இதுவே. தொகையின் சிறுமை சினத்தை மூட்டியது. கேட்கப்படாமை அதனை நிலைபெறச் செய்தது.

7. மூணாற்றிலிருந்து ஒரு சான்று

மலையகத்தின் இவ்வனுபவம் தனித்ததன்று என்பதை, அதே தேயிலையும் அதே தமிழக மூதாதையரும் கொண்ட வேறொரு மலையின் வரலாறு உணர்த்துகிறது. கேரளத்து மூணாற்றின் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களிற் பணிபுரியும் தமிழ்ப் பெண்கள், நூற்றுக்கு 20 வீதமாக எதிர்பார்க்கப்பட்ட போனஸ் 10 வீதமாகக் குறைக்கப்பட்டதையும், அதனைச் சங்கங்கள் உறுதியுடன் எதிர்க்காததையும் கண்டு 2015 செப்டெம்பரில் வீதியை மறித்தனர். அங்கும் சங்கங்கள் பல. அவற்றுட் செங்கொடி ஏந்தியவையும் உண்டு. அங்கும் அங்கத்தவருட் பெரும்பான்மையோர் பெண்கள், தலைவர்கள் ஆண்கள். தம்மிடம் வந்த சங்கத் தலைவர்களைப் பெண்கள் அருகில் அண்டவிடவில்லை. ஒன்பது நாட்களின் பின் போனசும் கருணைத்தொகையுமாக 20 வீதம் கிடைத்தது. பெம்பிளை ஒருமை என்னும் பெயர் அப்போராட்டத்திற் பிறந்தது.

ஆயினும் அதனை அளவுக்கு மீறிப் போற்றுதல் ஆய்வாளருக்கு அழகன்று. போனசில் வென்ற பெண்கள், நாட்கூலியை 500 ரூபாவாக உயர்த்தும் கோரிக்கையை முன்வைத்தபோது, முத்தரப்புப் பேச்சின் ஆசனங்களில் அங்கீகரிக்கப்பட்ட பழைய சங்கங்களே அமர்ந்திருந்தன. இறுதியிற் கிடைத்தது 301 ரூபா. எழுச்சி ஒரு முடிவை மாற்றும். நாற்காலியில் அமர்வோரை மாற்ற நிரந்தர அமைப்பு வேண்டும் என்பதே மூணாறு தரும் பாடமாகும். சங்கத்தின்மீது சினங்கொண்ட அப்பெண்கள் தமக்கெனத் தேடியதும் ஒரு சங்கத்தையே என்பது கவனத்துக்குரியது.

8. சந்தா நின்றபின்

2021 இல் மலையகத்தில் நிலைமை எதிர்பாராத வகையில் மாறியது. சம்பள நிர்ணய சபை 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவுமாக 1000 ரூபாவை நிர்ணயித்தது. மார்ச் 5 ஆம் திகதி அது வர்த்தமானியில் வெளியாயிற்று. ஆறாண்டுகாலக் கோரிக்கை கூட்டு ஒப்பந்தத்தாலன்றி, 1941 இன் பழைய சட்டத்தால் நிறைவேறியது. கம்பனிகள் நீதிமன்றை நாடின. கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சங்கங்களுக்காகச் சந்தா கழிப்பதையும் நிறுத்தின. பல தோட்டங்களில் நாட்பெயருக்கான கொழுந்தின் அளவு 20 கிலோவாக உயர்ந்தது. சம்பளத்தை உயர்த்திய சட்டம் கிலோவைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தின் அன்றாட நிபந்தனைகளைத் தட்டிக்கேட்கச் சங்கம் வேண்டியிருந்த வேளையில், அதன் கையிலிருந்த ஒப்பந்தமும் பணமும் ஒருங்கே பறிக்கப்பட்டன.

சந்தா கழிவு நின்றதைக் கண்டு, தொழிற்சங்க ஆதிக்கம் ஒழிந்தது என மகிழ்ந்தோரும் உண்டு. அம்மகிழ்ச்சியில் முற்போக்காளர் பங்குகொள்ள இயலாது. சந்தாவை நிறுத்தியவர்கள் தொழிலாளரல்லர், கம்பனிகள். முதலாளியின் காரியாலயத்தை நம்பி நின்ற சங்கத்தை முதலாளி ஒரே கடிதத்தால் தளர்த்த முடிந்தது என்பதே இதன் பொருள். முன்னர் நாம் குறிப்பிட்ட அமைப்புப் பலவீனம் இவ்வாறு வெளிப்பட்டது. அதன் பின்னரும் சம்பளம் மேலிருந்தே தீர்மானிக்கப்படலாயிற்று. 2024 மேதினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட 1700 ரூபா உயர்நீதிமன்றின் இடைக்காலத் தடைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் 1350 ரூபா அடிப்படைச் சம்பளம் வர்த்தமானியாயிற்று. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், அதனை 1550 ஆக்கி, அரசின் செலவில் 200 ரூபா வரவு ஊக்குவிப்பும் சேர்த்து 1750 ரூபாவை முன்மொழிந்தது. 2019 இல் நீக்கப்பட்ட வரவுக் கொடுப்பனவு வேறு வடிவில் திரும்பி வந்தது. இம்முறையும் அதன் நிபந்தனை பற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் எவரும் வாக்குக் கேட்டதில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, தோட்டப் பெண்தொழிலாளரின் சினம் தொழிற்சங்கத்துக்கு எதிரானதன்று. சங்கம் தம்முடையதாக இல்லாமைக்கு எதிரானது. 1984 இன் வெற்றியைக் கண்ட தலைமுறையின் பெண்மக்களே 2016 இலும் 2018 இலும் வீதியில் நின்றனர். இரண்டாவதாக, அச்சினத்தின் வேர் தனித்த தலைவர் எவருடைய குணத்திலும் இல்லை. சந்தா காரியாலயத்தின் வழியாகவும், கையொப்பம் கொழும்பின் வழியாகவும், அரசியல் அமைச்சரவையின் வழியாகவும் சென்றபோது, லயத்துக்குத் திரும்பிவரும் வழி எதுவும் சங்கத்துக்கு அவசியமாகத் தோன்றவில்லை. மூன்றாவதாக, 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தபின், வாக்கிழந்த மக்களின் ஒரே பாலமாக இருந்த காலத்தின் பழைய அதிகாரத்தைச் சங்கம் தொடர்ந்து கோர இயலாது. இனி அது பேரம்பேசும் திறத்தாலேயே மதிக்கப்படும்.

சம்பள ஒப்பந்தம் எதுவும் கையொப்பமாகுமுன் தோட்டந்தோறும் அங்கத்தவரின் வாக்கெடுப்புக்கு விடப்படுதல், பேச்சுவார்த்தைக் குழுவிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் தம் எண்ணிக்கைக்கேற்ற இடம்பெறுதல், சந்தாக் கணக்குத் தோட்டக் கூட்டத்தில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுதல் ஆகியன புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. தொழிற்சங்கம் என்னும் சொல்லின் பழைய பொருளில் அடங்கியவையே. நின்றுபோன சந்தாவை மீண்டும் காரியாலயத்தின் வழியே பெறுவதா, லயத்து வாசலிற் சென்று பெறுவதா என்னும் தெரிவு இன்று சங்கங்களின் முன் உள்ளது. இரண்டாவது வழி கடினமானது. அவ்வாசலில் நிற்கும் பெண் பணத்தைக் கொடுக்குமுன் கேள்வி கேட்பாள். முல்லோயாக் காலத்துச் சங்கத்தை வளர்த்தது அக்கேள்வியே.